ஏழாம் நம்பர் பனியன்

“நீ போயி கேக்கலன்னா நான் போயி கேக்கறேன். அவரு வூடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?”

“கேட்டு என்னாடி பண்ணப் போற? அவன் பேரு போட்ட தாளு. அவங்கிட்டதான் இருக்கும்.”

“பேரு அவருக்குப் போட்டாங்க. முட்டி யாருக்குப் போச்சு?”

வேலிப் படலைத் திறக்கப் போன என் கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் உத்திராபதியும் அவன் மனைவி ஆண்டாயியும். ‘அவரு’ என்று அவள் சொன்னது என்னைத்தான். இந்த வருஷம், எண்பத்தி எட்டு, ஆவணி மாதம். புது வீடு குடிபோவதற்குப் பத்திரிகை கொடுக்க ஆண்டிமடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, முந்திரிக் காட்டு வழியாக இரண்டு மைல் நடந்து வந்திருந்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

அது என்ன தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உத்திராபதியும் நானும் அரியலூரில் ஒரே காலேஜ், ஒரே வகுப்பு. கபடி டீமில் அவன் ‘கபடி கபடி’ என்று பாடிப் போகிறவன். எதிர்ப்பக்கம் ஏழு பேர் கையைக் கோத்துக்கொண்டு நிற்பார்கள். அவன் இடது மூலையில் நிற்கிறவனையே பார்த்துக்கொண்டு போய், வலது மூலையில் நிற்கிறவனைக் காலால் தொட்டுவிட்டு வருவான். பிடித்துவிட்டாலும் அடங்கமாட்டான். மூன்று பேரை முதுகில் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டில் விரல் நுனியை வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான் சப்ஸ்டிடியூட். மூன்று வருஷத்தில் கோட்டுக்குள் இறங்கியது மொத்தம் நாலு தடவை.

அவன் வீட்டில் வருஷா வருஷம் மார்கழியில் எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போவார்கள். அவனும் போயாக வேண்டும். இடது புருவத்துக்கு மேலே கரும்பு வெட்டும் கத்தி பட்ட தழும்பு ஒன்று அவனுக்கு உண்டு. எழுபத்தி ஒன்பதில் அப்படிப் போனதில் அட்டெண்டன்ஸ் குறைந்துபோய், யூனிவர்சிட்டி மேட்ச் லிஸ்டில் அவன் பேரை அடித்துவிட்டார்கள். அவன் இல்லாமல் டீம் முதல் மேட்ச்சிலேயே திரும்பி வந்துவிடும். பி.டி. சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். பிச்சைமுத்து பேரில், அதாவது என் பேரில், உத்திராபதி இறங்கட்டும் என்றார்.

இதைப் படிக்கிறவர்களுக்குத் திருட்டுத்தனமாகத் தெரியலாம். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. எங்கள் பக்கத்து ஊர் டோர்னமெண்டுகளில் வெளியூர் ஆளைக் கூட்டிவந்து உள்ளூர்க்காரன் பேரில் இறக்குவது வழக்கம்தான். உத்திராபதியே அப்படிப் பத்துப் பன்னிரண்டு பேரில் ஆடியவன். ஒரு ஊரில் அவன் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற மாயவன். ஆட்டம் முடிந்ததும் அந்த மாயவனுடைய பெண்சாதியே இவனுக்குச் சோறு போட்டு, “எங்க வூட்டுக்காரரு நல்லாத்தான் ஆடறாரு” என்று கிண்டல் பண்ணினாளாம். அங்கெல்லாம் கோப்பை ஊருக்கு, ஆட்டுக்கிடா டீமுக்கு. தாள் எதுவும் கொடுப்பதில்லை. யார் பேரில் யார் ஆடினான் என்பது கறி வேகும்போதே மறந்துபோகும். இதுவும் அப்படித்தான் என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்துவிட்டோம்.

பைனல் திருச்சியில் நடந்தது. ஏழாம் நம்பர் பனியனைப் போட்டுக்கொண்டு உத்திராபதி ஆடினான். மைக்கில் என் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிச்சைமுத்து இரண்டு பாயிண்ட், பிச்சைமுத்து மறுபடியும் ரெய்டு. யாரோ பொண்ணுங்ககூட என் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். கடைசி ரெய்டுக்கு அம்பயர் “பிச்சைமுத்து” என்று கூப்பிட்டபோது அவன் திரும்பவில்லை. குனிந்து மண்ணை எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்திலிருந்தவன் என் டவுசரைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். மூன்றாம் தடவைதான் உத்திராபதிக்குச் சுரணை வந்தது. போனான், தொட்டான், வந்தான். ஜெயித்துவிட்டோம்.

சிறந்த ஆட்டக்காரர் என்று ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்கள். கெட்டித் தாள், அதில் என் பேர். திரும்பி வரும் பஸ்ஸில் அது என் பைக்குள் வந்தது. எப்படி வந்தது என்பதில்தான் எனக்குக் குழப்பம். “ஒம்பேருதான போட்டிருக்கு, நீயே வச்சிக்க” என்று அவன் சிரித்துக்கொண்டே கொடுத்ததாக ஒரு ஞாபகம். “குடுடா, கசங்காம நான் வச்சிருக்கேன்” என்று நானே கையை நீட்டியதாக இன்னொரு ஞாபகம். இரண்டுமே கண்ணெதிரே நிற்கின்றன. ஒன்றில் பஸ்ஸுக்குள் விளக்கு எரிகிறது. இன்னொன்றில் எரியவில்லை.

எண்பத்தி ஒன்றில் விளையாட்டுக் கோட்டாவில் எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்தது. சேர்ந்த மாதமே எங்கள் ஆபீஸ் டீமுக்கு ஆடக் கூப்பிட்டார்கள். வலது முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். ஜவ்வு கிழிந்துவிட்டது என்று சொன்னேன். அதிலிருந்து ஆள் பார்க்கும் இடங்களில் நான் கொஞ்சம் நொண்டுவேன். ஆரம்பத்தில் யோசித்து நொண்டினேன். பிறகு தானாக வந்துவிட்டது. “எவ்ளோ பெரிய ஆட்டக்காரரு, பாவம்” என்று ஆபீசில் எனக்கு மாடி வேலை வைப்பதில்லை.

உத்திராபதி டிகிரி முடிக்கவில்லை. ஊர் ஊராக யார் யார் பேரிலோ ஆடிக்கொண்டிருந்தான். எண்பத்தி ஆறில் வரதராஜன்பேட்டையில் நாலு பேர் சேர்ந்து அமுக்கியதில் இடது முட்டி நிஜமாகவே போய்விட்டது. அதற்குப் பிறகு கரும்பு வெட்டக் குனிய முடியவில்லை.

நான் படலைத் திறந்ததும் சண்டை நின்றது. அவன் எழுந்து, “வாங்க” என்றான். காலேஜில் வாடா போடா. அவன் தெருவுக்குள் வந்தால் எனக்கு வாங்க போங்க. நான் வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆண்டாயி மணையை எடுத்துப் போட்டாள். மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினேன். அவள்தான் வாங்கினாள். எழுத்துக் கூட்டி என் பேரை மட்டும் படித்தாள்.

“இதே பேருதான் அந்தத் தாளுலயும் இருக்குதா சார்?”

உத்திராபதி அவளை அதட்டினான். அவள் காதில் வாங்கவில்லை. மில்லு ஒன்றில் கபடி டீம் வைத்திருக்கிறார்களாம். கிரவுண்டைப் பார்த்துக்கொண்டு பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். இவன் ஆட்டத்தைப் பார்த்தவர் ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். யூனிவர்சிட்டி ஆடியதற்கு அத்தாட்சி வேண்டும், ஐப்பசி பிறப்பதற்குள் கொண்டு வந்தால் போதும் என்றார்களாம். அன்றைக்கு ஆடியது இவன்தான் என்று நான் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரி என் ஆபீசுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நான் குடிபோகாத வீட்டை நினைத்தேன். என் மனைவி ஜானகி வாசலுக்குத் தேர்ந்தெடுத்த நீலப் பெயிண்டை நினைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து, ஜாக்கிரதையாக நொண்டிக்கொண்டு படலை வரைக்கும் போனேன்.

“சார்” என்றாள் ஆண்டாயி. “போன பொங்கலுக்கு வந்தப்ப வலது காலுல்ல நொண்டுனீங்க?”

குனிந்து பார்த்தேன். இடது காலைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். உத்திராபதியின் கால். எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. அவன்தான் சிரித்தான். சிரித்துவிட்டு, பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று என்கூடக் கிளம்பினான்.

தெருவைத் தாண்டி முந்திரிக் காட்டுக்குள் நுழைந்தோம். அப்புறம், “எழுதாதடா. எழுதுனா ரெண்டு பேருக்கும் இல்லாம போயிடும்” என்றான். கொஞ்ச தூரம் போனதும், “அவ சொல்றதும் நெசந்தான்” என்றான். எதை வைத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை. பஸ் வரும் சத்தம் கேட்கும்போது அவன் கேட்டான்.

“அன்னைக்கி அம்பயர் கூப்ட்டப்ப எந்திரிச்சு நின்னியே. பேரக் கேட்டு எந்திரிச்சியா, ஆடலாம்னு எந்திரிச்சியா?”

அவன் பார்த்துவிட்டான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பஸ் வந்து நின்றது. ஏறி, பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவன் காட்டுக்குள் திரும்பி நடந்துகொண்டிருந்தான். உடம்பு ஒவ்வொரு அடிக்கும் இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. பாடிப் போகும்போதும் அவன் அந்தப் பக்கம்தான் சாய்வான், ஆளை ஏமாற்ற.

நீயே எழுதலாமே என்று கேட்பீர்கள். எட்டு தடவை எழுதினேன். ‘அன்று ஆடியவர்’ என்பது வரை வருகிறது. அதற்கு மேல் பேனா நகரவில்லை. வெளியாள் ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குக் கீழே நானும் ஆமாம் என்று எழுதிவிடுவேன் என்று தோன்றுகிறது. எழுதுவேனா என்பதும் சரியாகத் தெரியவில்லை. இதில் எல்லார் பேரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். பேர் மாற்றுவது எங்களுக்குப் புதிதில்லை. அதனால் நீங்களும் பேர் எதுவும் எழுத வேண்டாம். எழுபத்தி ஒன்பதில் திருச்சியில் அந்தக் கபடி பைனலைப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஐப்பசி பிறப்பதற்குள் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு எழுதுங்கள். கடைசி ரெய்டுக்கு முன்னால் ஏழாம் நம்பர் பனியன் போட்டு, குனிந்து மண்ணை எடுத்துக் கையில் தேய்த்தானே, அவனுக்கு இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருந்ததா? அதை மட்டும் எழுதினால் போதும்.