காய்ச்சல் பற்றிய ஓரக்குறிப்புகள்

அங்கெல் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதாவது, திரையின் அடியில் இருந்த மைக் படத்தைத் தட்டி அதன் மேல் சிவப்புக் கோடு விழச் செய்திருந்தார். பட்டறையின் முதல் விதி அது. யாருடைய கதை பேசப்படுகிறதோ அவர் இருபது நிமிடம் பேசக் கூடாது. "நீங்க செத்துட்டதா நினைச்சுக்குங்க. கதை வாசகர் கைக்குப் போனப்புறம் பக்கத்துல உட்கார்ந்து விளக்கம் சொல்லவா முடியும்?" என்று பட்டறை நடத்தும் ஒதிலியா மேடம் முதல் வாரமே சொல்லிவிட்டார். இரண்டு நாவல் எழுதியவர், குளுஜ் நகரத்தில் இருந்துகொண்டு சனிக்கிழமைதோறும் ஆறு பேருக்குத் திரை வழியாக எழுதக் கற்றுக்கொடுக்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

முப்பத்தெட்டு வருஷம் பிரைலா நகரத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்த்தவர் அங்கெல். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களுக்கு வெளியே நின்று ஜோக் சொல்லியே பாதி வேலையை முடித்தவர். உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு அந்த ஜோக்குகள் எப்படிக் கேட்டிருக்கும் என்பது, அறுபத்து நான்காவது வயதில், சமையலறை மேசையில் ஹெட்போனோடு உட்கார்ந்த இந்தச் சனிக்கிழமைதான் அவருக்குப் புரிந்தது.

"எனக்கு அப்பா பாத்திரம் பிடிச்சிருக்கு. ஆனா அவரைச் சாகடிச்சிடலாம்," என்றார் சபின். யாஷியில் மருந்துக்கடை வைத்திருக்கும் மனிதர். யார் கதையாக இருந்தாலும் கடைசியில் ஒரு சாவு கேட்பார். "பொண்ணு ஊருக்கு வர்றா, அப்பா இல்ல. அப்பதான் கனம் ஏறும்."

செத்தவராகவே உட்கார்ந்திருந்த அங்கெலுக்கு இதில் மறுப்புச் சொல்ல வழியில்லை.

அவருடைய கதை நாலு பக்கம். இத்தாலியில் மகளுக்குக் கல்யாணம், அன்றைக்குப் பார்த்து அப்பாவுக்குக் கடும் காய்ச்சல், போக முடியவில்லை. மகள் அதன்பின் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கடைசிப் பத்தியில் அப்பா மன்னிப்புக் கேட்கிறார். அவ்வளவுதான். பட்டறையில் மற்றவர்கள் பரிசுக்கும் பத்திரிகைக்கும் எழுதினார்கள். அங்கெலுக்கு வேண்டியது ஒரே ஒரு வாசகர். இத்தாலியில், தொரீனோவில் இருக்கும் கிரினா. அவருடைய மகள். ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு அம்மாவோடு முக்கால் மணி நேரம் பேசுவாள். அப்பாவைப் பற்றி ஒரே கேள்வி, "அவர் நல்லாயிருக்காரா?" நாலு வருஷமாக அவர் நல்லாயிருந்தார்.

"எனக்கு இந்தக் காய்ச்சல் மேலதான் சந்தேகம்," என்றாள் இலின்கா. குழுவிலேயே சின்னவள், ஆராத் நீதிமன்றத்தில் எழுத்தர். "தினம் நாலு மருத்துவச் சான்றிதழ் என் மேசைக்கு வருது. பொய்க் காய்ச்சல் எப்பவும் முப்பத்தொன்பது டிகிரிதான். முப்பத்தெட்டுன்னா வேலைக்கு வான்னுடுவாங்க, நாற்பதுன்னா ஆஸ்பத்திரிக்குப் போன்னுடுவாங்க. இந்தக் கதையிலயும் முப்பத்தொன்பது. இந்த அப்பா எதையோ மறைக்கிறாரு. அவருக்கு மட்டும் அது தெரியல."

அங்கெல் தன் முகத்தைத் திரையின் சின்னச் சதுரத்தில் பார்த்தார். அது சிரித்துக்கொண்டிருந்தது. பழக்கம்.

கடைசியில் மன்னிப்புப் பத்தி வாக்கெடுப்புக்கு வந்தது. மிகை உணர்ச்சி என்றார் ஒதிலியா மேடம். கதை அழக் கூடாது, வாசகர்தான் அழ வேண்டும். எடுத்துவிடலாம் என்று நாலு கை உயர்ந்தது. இருபது நிமிடம் முடிந்து சிவப்புக் கோட்டை எடுத்ததும், "ரொம்ப நன்றி. செத்தப்புறம் இவ்வளவு பேர் என்னைப் பத்திப் பேசுவாங்கன்னு நான் எதிர்பார்க்கல," என்றார் அங்கெல். எல்லோரும் சிரித்தார்கள். இலின்கா மட்டும் சிரிக்கவில்லை.

இந்தச் சிரிப்பினால்தான் எல்லாமே. கல்யாணத்துக்கு முந்தின நாள் கிரினா போன் செய்திருந்தாள். "அப்பா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அங்க ஜோக் மட்டும் வேண்டாம்ப்பா. அவங்க வீட்ல எல்லாரும் அமைதியான ஆளுங்க." சரிம்மா என்றார். கோபமே இல்லை. ஒரு வாரம் முன்னதாகவே போய்விட்ட மனைவி வியோரிக்கா சொல்லிவைத்தபடி சாம்பல் நிறக் கோட்டும் சூட்டும் போட்டு, விமான நிலையப் பேருந்தில் ஏறினார். வழியில் ஸ்லொபோசியாவில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். இறங்கி, கரியில் சுட்ட மிச் என்ற இறைச்சித் துண்டு மூன்று வாங்கி, கடுகுச் சாந்தில் தோய்த்துத் தின்றுகொண்டே, பேருந்து கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அங்கெல் கையைக்கூட அசைக்கவில்லை. வீட்டுக்கு வந்து வியோரிக்காவுக்கு முப்பத்தொன்பது டிகிரி என்று போனில் சொன்னார். சொல்லச் சொல்ல உண்மையிலேயே கொஞ்சம் சுட்டது. நாலு வருஷத்தில் அந்தக் காய்ச்சல் அவருக்கே நன்றாக நினைவில் இருந்தது.

எழுத்துப்படிகளை எல்லாரும் சேர்ந்து திருத்துவதற்கென்று ஒரு பொதுக் கோப்பு உண்டு. லிங்க் வைத்திருப்பவர் யாரும் உள்ளே வந்து ஓரத்தில் குறிப்பு எழுதலாம்; எழுத எழுதவே அது மற்றவர் திரையிலும் தெரியும். செவ்வாய் மதியம் அங்கெல் திறந்தபோது காய்ச்சல் என்ற சொல்லின் மேல் மஞ்சள் பூசி இலின்கா எழுதியிருந்தாள்: "அங்கெல் சார், நிஜமாவே காய்ச்சலா?"

பாத்திரத்தையும் ஆசிரியரையும் குழப்பக் கூடாது என்பது பட்டறையின் இரண்டாவது விதி. அதை எடுத்துச் சொல்லலாமா என்று யோசித்தார். நல்ல ஜோக் ஒன்றும் தோன்றியது. பிறகு ஒற்றை விரலால் எழுதினார்: "இல்லை. ஸ்லொபோசியாவில் இறங்கிவிட்டேன். ஜோக் சொல்லாதே என்றாள். ஜோக் இல்லாமல் அங்கே நான் யார் என்று தெரியவில்லை."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "அப்ப அதை எழுதுங்க சார். இந்தக் காய்ச்சலைத் தூக்கிப் போடுங்க."

"எழுதினால் மன்னிக்க மாட்டாள்."

"இப்ப மட்டும் மன்னிச்சாளா?"

அங்கெல், குழு சொன்னபடி கடைசிப் பத்தியை மட்டும் கோடு போட்டு அடித்தார். காய்ச்சலை விட்டுவைத்தார்.

கடைசி வகுப்பு, படைப்பை எப்படி அனுப்புவது என்பதைப் பற்றி. முகப்புக் கடிதம் மூன்றே வரி இருக்க வேண்டும். கெஞ்சக் கூடாது, விளக்கக் கூடாது, பத்திரிகை ஆசிரியரைப் புகழக் கூடாது. "சுத்தப்படியை மட்டும் அனுப்புங்க. ஒரு குறிப்பு, ஒரு அடித்தல் இருக்கக் கூடாது. உங்க சமையலறையை யாரும் பார்க்க வேண்டாம்," என்றார் ஒதிலியா மேடம். அங்கெல் அதை நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். சுத்தப்படி ஒன்றைத் தனிக் கோப்பாகத் தயாரித்தார், கதையின் அதே பெயரில்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கதையின் லிங்க்கோடு கிரினாவுக்குச் செய்தி அனுப்பினார். மூன்றே வரி. "கிரினா, இத்துடன் நாலு பக்கக் கதை ஒன்று. உன் கருத்தை அறிய விரும்புகிறேன். அன்புடன், அப்பா."

"என்னய்யா, மாவட்ட ஆட்சியருக்கா மனு போட்டிருக்க?" என்றாள் வியோரிக்கா, தோள் வழியாக எட்டிப் பார்த்து. குளிர்காலத்துக்குப் போடும் சாக்குஸ்காத் தொக்குக்காகச் சுட்ட குடமிளகாய்க்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை கரி.

"முறை அப்படித்தான். கெஞ்சக் கூடாது."

"பெத்த பொண்ணுகிட்டக் கெஞ்சாம வேற யார்கிட்டய்யா கெஞ்சுவ?"

"நீ மிளகாயைப் பாரு. பிரசுரம் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. முப்பது வருஷமா உன் ஜோக்கெல்லாம் நான்தான் பிரசுரம் பண்ணிட்டிருக்கேன், சிரிச்சு சிரிச்சு."

செய்தியின் அருகில் இரண்டு நீலக் குறி விழுந்தது. கிரினா படித்துவிட்டாள். அங்கெலுக்கு உட்கார முடியவில்லை. அவள் இப்போது எந்தப் பக்கத்தில் இருப்பாள் என்று தெரிந்துகொள்ள, அனுப்பிய லிங்க்கைத் தானும் தட்டினார்.

திறந்தது சுத்தப்படி அல்ல. மஞ்சள் பூச்சும், வலது ஓரம் முழுக்க வரிசை கட்டிய குறிப்புப் பெட்டிகளுமாக, பட்டறையின் பொதுக் கோப்பு. அப்பாவைச் சாகடிச்சிடலாம் என்ற சபின், மிகை உணர்ச்சி என்ற மேடம், கோடு போட்டு அடித்த மன்னிப்பு, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஒரே பெயரில் இரண்டு கோப்பு. மேல் மூலையில் ஒரு ஆரஞ்சு வட்டம்: பெயரில்லாத விருந்தினர். கிரினாதான். முதல் பக்கத்தின் நடுவில், அதே ஆரஞ்சில், ஒரு சின்னக் கர்சர் நின்று துடித்தது.

கோப்பைப் பூட்டிவிடலாமென்று தேடினார். அதற்கான உரிமை மேடத்திடம்தான். போன் போட்டார். மேடம் ஞாயிற்றுக்கிழமை வேறொரு குழுவுக்கு வகுப்பெடுக்கிறார், போன் அணைத்திருந்தது. இந்நேரம் எந்த அப்பாவியோ அங்கே வாயடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சரி, அந்த ஒரு குறிப்பையாவது அழிக்கலாம். சுட்டியைக் கொண்டுபோனார். இரண்டே தட்டு போதும். அதற்குள் ஆரஞ்சுக் கோடு நகர்ந்துவிட்டது. வரி வரியாக, விரல் வைத்துப் படிக்கும் குழந்தை மாதிரி இறங்கி, காய்ச்சல் என்ற சொல்லின் முன்னால் வந்து நின்றது. இப்போது அழித்தால் அவள் கண் முன்னாலேயே அழியும்.

"என்னய்யா மூஞ்சி இப்படிப் போச்சு?" வியோரிக்கா வந்து குனிந்தாள்.

அவர் திரையை மறைக்கப் பார்த்தார். கரிக் கையால் அவள் அவரை ஒதுக்கினாள். அவள் கண்ணாடி இல்லாமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஓரப் பெட்டிகளை மெதுவாக வாசித்தாள். ஸ்லொபோசியா என்ற இடத்தில் உதடு நின்றது.

"முப்பத்தொன்பதுன்னியே," என்றாள்.

அவர் சுட்டியைத் தள்ளி வைத்தார்.

"கல்யாண மண்டபத்துலேர்ந்து போன் பண்ணி, காய்ச்சலுக்குப் போடுற லிண்டன் பூ எந்த டப்பாவுல இருக்கு, எவ்வளவு நேரம் கொதிக்கணும்னெல்லாம் சொன்னேனேய்யா. கிரினா பக்கத்துல உன் நாற்காலி காலியாக் கெடக்கு. எடுத்துடுங்கன்னு மாப்பிள்ளை வீட்ல சொல்றாங்க. எங்கப்பாவுக்குக் காய்ச்சல், கொஞ்சம் எறங்கினா அடுத்த விமானத்துல வந்துடுவாருன்னு எடுக்க விடமாட்டேங்குறா. அப்புறமும் நீ வரல. அதோடதான் அவ பேச்சை நிறுத்தினா."

"இதை நீ சொன்னதே இல்ல."

"உனக்குக் காய்ச்சல்னு நெனச்சேன். எதுக்கு நோகடிக்கணும்னு விட்டேன்."

மணி பதினொன்று தாண்டியது. அடுப்பருகே கிடந்த வியோரிக்காவின் போன் அடிக்கவில்லை. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஆரஞ்சுக் கோடு வெகுநேரம் அசையாமல் நின்றது. கிரினா போனைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாளோ என்று கூடத் தோன்றியது. அப்போது, இலின்காவின் கடைசிக் கேள்விக்குக் கீழே, ஒரு வெற்றுப் பெட்டி திறந்தது.

அங்கெல் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். விட்டால் அவை ஏதாவது எழுதிவிடும், ஏதாவது வேடிக்கையாக. பெட்டிக்குள் இரண்டு மூன்று எழுத்துகள் விழுந்தன. வாசிப்பதற்குள் அழிந்தன. மறுபடி விழுந்தன, இந்த முறை ஒரு முழு வரி இருக்கும், வியோரிக்கா கண்ணாடியைத் தேடுவதற்குள் அதுவும் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. பெட்டி மூடவில்லை. ஒன்றுமில்லாத அந்த வெள்ளையின் ஓரத்தில், ஆரஞ்சுக் கோடு மட்டும் தோன்றித் தோன்றி மறைந்துகொண்டிருந்தது.