ஒற்றையாள் பேண்ட்

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் மிலானின் வலது கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோனபோது ஏப்ரல் சுற்றுலா சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மாலைகளில் நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் அவன் ட்ரம்ஸ் அடிப்பான். தங்கை டெல்சி சிந்தசைசர் வாசித்துப் பாடுவாள். மாதா கோயில் பாட்டுக் குழுவில் தொடங்கிய ஜோடி அது.

அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கையில், ஹோட்டல் வேறு ஆளைப் பிடித்துவிடுமோ என்ற பயத்தில் டெல்சி லூப் பெடல் ஒன்றை வாங்கினாள். பெடலைக் காலால் மிதித்துச் சிந்தசைசரில் தாளத்தைத் தட்டிவிட்டு, சரியான நேரத்தில் மறுபடி மிதித்தால், தட்டியது அப்படியே பதிவாகித் திரும்பத் திரும்ப ஓடும். அதன்மேல் பேஸ், அதன்மேல் வாயால் ஊதி வாசிக்கும் மெலோடிக்கா, கடைசியில் அவள் குரல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி நாலு பேராகிவிடுவாள். வந்திருந்தவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனில் படம் பிடித்தார்கள்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த மிலான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"கைதானே போச்சு. கால் இருக்குல்ல? பெடல நான் மிதிக்கிறேன்."

வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். முதல் பாட்டிலேயே கால் கொஞ்சம் பிந்தியது. அந்தப் பிசகு ஒவ்வொரு சுற்றிலும் நொண்டிக்கொண்டு வந்தது; மேலே எதைப் போட்டாலும் சரிந்தது. நிறுத்தி மறுபடி தொடங்கினாள். மறுபடியும் பிந்தியது. கை இறங்கும்போது கூடவே இறங்கிப் பழகிய கால் அது. கை இல்லாமல் அதற்கு நேரம் தெரியவில்லை. முன்மேசையில் யாரோ சிரித்தார்கள்.

இனி அவள் மட்டும் வந்தால் போதும் என்று மேனேஜர் அவளைத் தனியே அழைத்துச் சிங்களத்தில் சொன்னார். ஹோட்டலில் கொஞ்ச நாளைக்குப் பாட்டு இல்லையாம் என்று அண்ணனிடம் சொல்லிவைத்தாள். அடுத்த சனிக்கிழமை கூட்டாளி வீட்டுக்கென்று கிளம்பிப் போய் ஹோட்டலில் வாசித்தாள். யாரோ பிடித்த வீடியோ சுற்றிச் சுற்றி மிலானின் போனுக்கே வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை அவள் நீட்டிய தேத்தண்ணியை இடது கையால் வாங்கிக்கொண்டுதான் கேட்டான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, டெல்சி?"

"எப்படிண்ணே சொல்றது?"

"அவங்க வேணாம்னு சொன்னத தாங்கிக்கிருவேன். நீ மறைச்சதத்தான் தாங்க முடியல."

அந்த மாதமே வலப்பனையில் ஒரு கடைக்குக் காவலுக்குப் போனான். இருப்பும் அங்கேயே. போன் எடுத்தால் சாப்பிட்டியா என்று கேட்பான். வாசிப்பைப் பற்றி மட்டும் பேச்செடுக்கமாட்டான்.

டிசம்பரில் அவள் தேடிப் போனாள். சாப்பிட ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தான், மழையைப் பற்றிப் பேசினான். கிறிஸ்மஸுக்கு வரச் சொன்னதற்கு, கடையைப் பார்க்க வேறு ஆளில்லை என்றான். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, அது புறப்படுவதற்கு முன்பே திரும்பி நடந்தான்.

டெல்சி நுவரெலியாவில் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே ஹோட்டலுக்குப் போனாள். அன்று சனிக்கிழமை.