கண்டலடி வலை

"நாளையிலயிருந்து நீங்க வாவியில இறங்கப்படா மச்சாள்" என்று சொல்லி, கேதீஸ்வரியின் ஓலைப்பறியைக் காலால் தள்ளிவிட்டான் இராசதுரை. நாலைந்து இறால் முற்றத்து மணலில் துள்ளின. மகள் அஜந்தா ஓடிவந்து பொறுக்கினாள். மத்தியானக் கறி அதுதான்.

இராசதுரை அவளுடைய செத்துப்போன புருசனின் தம்பி. மீனவர் சங்கத் தலைவரும் அவனே.

"ஏனாம்?"

"இறால் குறைஞ்சு போச்சு. தாலியறுத்தவங்க இறங்கித்தான் வாவி இப்பிடிப் போகுதாம். சங்கம் தீர்மானிச்சிட்டு."

நல்ல தீர்மானம்தான்! சுனாமிக்குப் பிறகு லொறி லொறியாகத் தோணியும் வலையும் வந்திறங்கின. நாற்பது தோணி ஓடிய அந்த உப்புநீர் வாவியில் நூற்றைம்பது. துடுப்புப் பிடிக்கத் தெரியாதவனுக்கும் ஒன்று. கேதீஸ்வரியின் புருசனைக் கடல் கொண்டுபோனதற்காக வந்த தோணி இராசதுரையின் பெயருக்குப் போனது. சங்கத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்று அவளுக்கு ஒரு தையல் மெசினைக் கொடுத்தார்கள். சண்டை முடிந்து ஆமிக்காரன் வாவியை மீன்பிடிக்கத் திறந்துவிட்டதும் எங்கு பார்த்தாலும் கண் சிறுத்த வலைதான். கழுத்தளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் ஏழெட்டு விதவைகள் மட்டும் கரையோரச் சேற்றில் நிற்கும் கண்டல் மரங்களின் வேரடியில் கைவைப்பதில்லை. குஞ்சுகள் ஒதுங்கி வளர்வது அங்கேதான்.

"கையில அகப்படுற குஞ்ச நாங்க விட்டிடுறம் தம்பி. உங்கட வலைதான் வழிச்சு அள்ளுது. அத நிப்பாட்டுங்க."

"நான் நிப்பாட்டினா மத்தவன் அள்ளிருவான். எனக்கென்ன விசரா?"

"அப்ப எல்லாரும் சேர்ந்து நிப்பாட்டுங்க. கூட்டத்துக்கு வந்து நானே சொல்றன்."

இராசதுரை சிரித்தான். "பொம்புளைக்குச் சங்கத்தில என்ன வேலை?"

மறுவாரம் கண்டலடியில் ஒரு பலகை நட்டார்கள். 'வாவி நம் பொதுச்சொத்து. பாதுகாப்போம்.' அதிகாரிகள் வந்தார்கள், தலைவருக்கு மாலை போட்டுப் படமெடுத்துப் போனார்கள். அடுத்த நாளே அந்தப் பலகையின் காலில் வலையின் ஒரு தலைப்பைக் கட்டி, கண்டலைச் சுற்றி வளைத்துவிட்டான் இராசதுரை. வெட்கம் கெட்டவன்!

கேதீஸ்வரி பறியைக்கூட எடுக்கவில்லை. கரையில் நின்ற ஆம்பிளைகள் பார்த்திருக்க, சீலையோடு இறங்கினாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் இழுத்து அவிழ்த்தாள். வலை தொய்ந்து அமிழ, நகத்தளவு குஞ்சுகள் வேர்களுக்குள் திரும்பி ஓடின.

மூன்றாம் நாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவித்தமைக்கு விசாரணை, ஞாயிறு காலை பத்து மணிக்கு. அவளுடைய சொந்தப் பெயருக்குச் சங்கம் எழுதிய முதற் கடிதம் அது.

"போகாதீங்கம்மா" என்று அழுதாள் அஜந்தா. "எல்லாருக்கும் முன்னால நிக்கவச்சுக் கேப்பாங்க."

கேதீஸ்வரி கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள்.

"கேக்கட்டும் மகள். அந்தக் கூட்டத்துக்குள்ள போக எனக்கு வேற வழி எங்க தந்தாங்க?"