எம்.பி. வீட்டுச் சாவு

அம்மாவின் கால்மாட்டில் உருகி ஓடிய ஐஸ் தண்ணீரைக் கோணியால் ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தாள் அம்சவேணி. தெருக்கோடியில் கார் சத்தம் கேட்டதும் மேளம் நின்றது. "எம்.பி. வந்துட்டாருபா!" என்று யாரோ கத்தினார்கள். பெஞ்சுகளில் இருந்தவர்கள் எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டிகளை இறக்கிவிட்டுக்கொண்டார்கள்.

வேணி எழுந்திருக்கவில்லை.

நேற்று மதியம் பொன்னியம்மாள் கண்ணை மூடினாள். டெல்லிக்கு டிரங்க் கால் கிடைக்கவே சாயங்காலமாகிவிட்டது. அவளுக்கு ஆண்பிள்ளை கிடையாது. வேணி ஒரே மகள். கொள்ளி வைக்க வேண்டியது புருஷன் கோதண்டபாணிதான். ஆனால் காலையிலேயே வேணி தாய்மாமன் சீனிவாசனிடம் சொல்லிவிட்டாள்.

"மாமா, அவரு வந்து அம்மாகிட்ட ஒரு நாழி உக்காந்து அழுதா சரி. ஊருக்குப் போடறாப்ல மாலையப் போட்டுட்டு நின்னாருன்னா, கொள்ளிய நீயே வெச்சிடு. அவர வெக்க வுடமாட்டேன்."

"இன்னா பேச்சு பேசற நீ! கட்னவன் இருக்கச்சொல்ல…"

"கட்னவராவே வரட்டும். எம்.பி.யா வரவேணாம்."

அவள் ஆத்திரம் ஒன்றும் அநியாயமில்லை. ஐயம்பேட்டையில் ஏர் பிடித்துக்கொண்டிருந்த மனுஷன், காஞ்சிபுரத்தில் வார்டு கவுன்சிலராகி, சேர்மனாகி, எம்.எல்.ஏ. ஆகி, அறுபத்தேழில் டெல்லிக்கே போனார் என்றால் அது மேடைப் பேச்சால் அல்ல. மைக்கைப் பிடித்தால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எல்லாம் எழவு வீடுகள் கொடுத்த பதவி. பிள்ளையார்பாளையத்தில் சாவு விழுந்தால் தெருவே தறியை நிறுத்திவிடும்; பட்டப்பகலில் ஒரு தெருவில் தறிச் சத்தம் கேட்கவில்லையா, சைக்கிளை விட்டு இறங்கி, "எந்த வூட்ல?" என்று விசாரித்துவிடுவார். மாலை போடுவார், பாடைக்குத் தோள் கொடுப்பார், சுடுகாடு வரைக்கும் நடப்பார். எதிர்க்கட்சிக்காரன் வீடென்றால் முதல் ஆளாக நிற்பார். அடேயப்பா, எழுபத்தொன்றில் எதிர்த்து நின்றவனுக்கு டெபாசிட்டே போயிற்று!

ஆனால் பொன்னியம்மாளின் அப்பா மாகறலில் செத்த அன்றைக்கு அவர் வேறெங்கோ யாருக்கோ தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா அதை ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. அதனாலேயே வேணிக்கு அது ஆறவில்லை.

கோதண்டபாணி உள்ளே வந்தார். கையில் ரோஜா மாலை. வழிவிட்டவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டார். மாலையை அம்மாவின் மேல் வைத்துவிட்டுக் கைகூப்பி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு வேணியின் தோளைத் தொட்டார்.

"எத்தினி மணிக்கிம்மா ஆச்சு? ரொம்ப கஷ்டப்பட்டாங்களா?"

பெற்ற மகளிடம், கட்டிய பெண்டாட்டியைப் பற்றிக் கேட்கிற கேள்வியா இது? ஊரில் எல்லாரிடமும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்வி. அவள் குனிந்து மறுபடி கோணியைப் பிழிந்தாள்.

அவர் வெளியே போய் ஆண்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். கால்மணி நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் தெருவில் இறங்கிக் காரில் ஏறிக்கொண்டார். சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை; அது முறை. ஆனால் அது துக்கம் கேட்க வந்தவர்களுக்கு உள்ள முறை.

"பாத்தியா மாமா? பாத்தியா?"

வேணி கோணியை வீசிவிட்டு ஓடினாள். பாடை கட்டிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டிக் காரண்டை போனாள். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் போனாள்.

"எங்கங்க ஐயா?" என்று டிரைவர் அப்பாதுரை கேட்டுக்கொண்டிருந்தான்.

"வூட்டுக்குத்தாம்பா," என்றார் கோதண்டபாணி. "சீக்கிரம் வுடு. நான் எழவுக்குப் போனா, திரும்பி வர்ற வரிக்கும் தோட்டத்துல வெந்நி வெச்சிக்கினு நின்னுக்கினே இருப்பா பொன்னி. குளிக்காம உள்ள வுடமாட்டா. அவளும் சாப்ட்டிருக்கமாட்டா, பாவம்."

அப்பாதுரை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். "ஐயா…" என்றான்.

கோதண்டபாணி ஜன்னல் வழியாகப் பந்தலைப் பார்த்தார். வாசற்படியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. துண்டை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அப்படியும் சத்தம் வெளியே வந்துவிட்டது.

வேணிக்குக் கேட்க வந்தது ஒன்றும் ஞாபகமில்லை. சீனிவாசன் மாமா பின்னாலேயே வந்து நின்றார்.

"நேரமாவுதும்மா. கொள்ளிக்கு நான்…"

"இருக்கட்டும் மாமா. அப்பா வருவாரு. செத்த நேரம் ஆவட்டும்."

அதற்குள் ஜனம் காரைச் சூழ்ந்துகொண்டது. "எம்.பி. அழுவுறாருடா" என்று ஒருவன் சொல்ல, பின்னால் நின்றவர்கள் எக்கிப் பார்த்தார்கள். வேணி மறுபக்கத்துக் கதவைத் திறந்து ஏறி, அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள். பிறகு குறுக்கே கையை நீட்டி, அவர் பக்கத்து ஜன்னலில் தன் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.