மச்சானும் ரேடானும்

ஒரு வாரம் தங்கிப்போக வந்த மச்சான், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் நிலவறையில் டேரா போட்டு இரண்டாவது மழைக்காலத்தையும் பார்த்துவிட்டான். அவனுக்கு இடம் விட்டு, கடைக்காரர் ஆசை ஆசையாகச் சேர்த்த பொம்மை ரயில் பரணுக்குப் போய்விட்டது. தண்டவாளம், சிக்னல், ஸ்டேஷன் எல்லாம் பெட்டிக்குள். "கிளம்பு" என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? பெண்டாட்டியின் ஒரே தம்பி.

அப்போதுதான் நகராட்சி வீட்டுக்கு வீடு ஒரு தகர டப்பா கொடுத்தது. மண்ணிலிருந்து ரேடான் என்றொரு வாயு கசியுமாம். நிறமில்லை, வாசனையில்லை. நிலவறைகளில் தேங்கும், வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆபத்து. ஜன்னல்களை மூடி, டப்பாவைத் திறந்து வைத்து, பிறகு ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அளவு கூடினால் அங்கே யாரும் படுக்கக் கூடாது.

கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். நிறமில்லாமல், வாசனையில்லாமல், சண்டையும் இல்லாமல் மச்சானைக் கிளப்ப ஒரு வழி!

ஜன்னலைச் சாத்தினார். கதவிடுக்கில் துண்டைத் திணித்தார். சாவித் துவாரத்தில் பஞ்சு அடைத்தார்.

"அத்தான், மூச்சு முட்டுது!"

"விஞ்ஞானம்னா அப்படித்தான் மச்சான்."

"டப்பா இருந்தாப் பத்தாதா? நானும் ஏன் உள்ள இருக்கணும்?"

"நீ எங்க வேணா போலாம்பா. யார் தடுத்தா?"

மச்சான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

முடிவு வந்தது. அளவு எக்கச்சக்கம். முகத்தைச் சோகமாக்கிக்கொள்ளக் கடைக்காரர் படாத பாடு பட்டார்.

"உடம்புதானே முக்கியம்? வேற நல்ல எடமாப் பாத்துக்க மச்சான்."

"அதெல்லாம் பாத்தாச்சு," என்றாள் மனைவி. "ஹால் சோபாவுல படுக்கட்டும்."

"சரி. நான் கீழ ரயிலை..."

"மனுஷன் இருக்கக் கூடாத எடத்துல நீங்க மட்டும் இருப்பீங்களா? நுரையீரல் அவனுக்கு மட்டும்தான் இருக்கா?"

குறட்டை இப்போது வீட்டின் நட்டநடுவில் கேட்டது. டிவி ரிமோட் மச்சானின் தலையணைக்கடியில் குடியேறியது. பொறுக்கமாட்டாமல், அந்த வாயுவை வெளியேற்றக் கடைக்காரரே ஆள் பிடித்தார். தரைக்கடியிலிருந்து கூரைவரை குழாய், அதில் ஓயாமல் சுற்றும் விசிறி. இரண்டாவது டப்பா ஆய்வகத்துக்குப் போனது. பதிலுக்காகத் தபால்காரரை வாசலிலேயே மடக்கினார். அளவு நன்றாக இறங்கியிருந்தது.

முதலில் கீழே இறங்கியவன் மச்சான், தலையணையோடு.

"அடடா, இப்ப என்னமா இருக்கு! எனக்காகவா அத்தான் இவ்வளவும்?" அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைக்காரருக்கும் கலங்கியது. காரணம் வேறு.

"பரண்ல தூங்குற ரயிலை எடுத்துட்டு வாங்க," என்றான் மச்சான். "கட்டிலைச் சுத்திப் போட்டுருவோம்."

மறுநாள் காலை தண்டவாளம் கட்டிலுக்கடியில் நுழைந்து மறுபக்கம் வெளிவந்தது. சரக்குப் பெட்டியில் ஒரு தம்ளர் காபி. கடைக்காரர் விசிலடித்தார். மச்சான் படுத்தபடியே பச்சைச் சாக்ஸைக் கொடியாக ஆட்டினான்.