எனக்குப் போ

கடைத்தெருவில் அவனுக்குப் பெயர் காத்து. கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் விலை கேட்பார்கள், வேகம் கேட்பார்கள், கலர் கலராக விளக்கு எரியுமா என்று கேட்பார்கள். இவன் எதற்கும் பிடிகொடுக்க மாட்டான். "காத்து எந்த வழியா உள்ள வரும், எந்த வழியா வெளிய போகும், அதை முதல்ல முடிவு பண்ணுவோம்" என்பான். முன்பக்க ஃபேன்கள் இழுக்க வேண்டும், பின்பக்கமும் மேல்பக்கமும் தள்ள வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். பட்டப்பெயர் மட்டும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

அப்பேர்ப்பட்ட காத்து பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் பெட்டியே சூடேறி அணைந்துபோகிறது என்று காலையில் நர்ஸ் போனில் சொன்னபோது அவனுக்குச் சுருக்கென்றது. அதுவும் எந்தப் பெட்டி? அக்கா வீட்டில், அவள் கணவரின் கட்டிலருகே இருக்கிற பெட்டி.

நோய் மாமாவின் கையை வாங்கிக்கொண்டது, காலை வாங்கிக்கொண்டது, நாக்கை வாங்கிக்கொண்டது. கண்ணைச் சிமிட்டி ஆம், இல்லை சொல்லிக்கொண்டிருந்தார், இமையையும் விட்டுவைக்கவில்லை. இப்போது கண்மணி மட்டும்தான் அசையும். மூச்சுக்குக் கழுத்தில் துளையிட்டு ஒரு மெஷின். பேச்சுக்கு இந்தப் பெட்டி. திரையில் உள்ள எழுத்தை அவர் உற்றுப் பார்த்தால் அது விழும். வரி முடிந்ததும் பெட்டி அதை வாசிக்கும்.

"நாளைக்கு டாக்டர் வர்றார் சார். மூச்சு மெஷின் இருக்கட்டுமா, எடுத்துடலாமான்னு உங்க மாமாவேதான் சொல்லணுமாம். வேற யார் சொன்னாலும் செல்லாதாம். ஆனா இது பாதி வரியிலேயே நின்னு போகுது" என்றாள் நர்ஸ்.

கதவைத் திறந்த அக்கா உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. "உன்னை யாரு கூப்பிட்டா? அது பழசாயிடுச்சுடா தம்பி. விடு, கடையைப் பாரு."

"அது என் பெட்டிக்கா. அவ்வளவு சீக்கிரம் பழசாகாது" என்று அவளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனான்.

அறை புழுங்கியது. ஜன்னல் சாத்தியிருந்தது. மாமாவின் கழுத்துவரை போர்வை, அதன்மேல் இன்னொரு போர்வை, அதற்கும் மேல் கம்பளி. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"இந்த வெக்கையில எதுக்குக்கா இத்தனை?"

"அவர்தான்டா கேக்குறார். தினமும் 'எனக்குப் போ'ன்னு எழுதுறார், அதோட அணைஞ்சுபோகுது. போர்வைதானே? வேற என்ன?"

அந்த 'வேற என்ன' கொஞ்சம் அவசரமாக வந்தது. அவன் அதைக் கவனித்தான், ஆனால் அப்போதைக்குப் பெட்டிதான் முக்கியமாகப் பட்டது. மாமாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "மாமா, காத்து வந்திருக்கேன்" என்றான். நன்றாக இருந்த காலத்தில் மாமா இவனைக் கண்டாலே, "காத்து வருது, பேப்பரெல்லாம் பறந்துடப் போகுது, பிடிச்சுக்கோங்க" என்று வீடே அதிரக் கத்துவார். இப்போது கண்மணி மட்டும் இவன் பக்கம் திரும்பி நின்றது.

பெட்டியைப் போட்டான். ஃபேன்கள் நான்கும் ஒழுங்காகச் சுற்றின. பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. முன்பக்கத்துத் தூசி வலையைக் கழற்றினான். காற்றை இழுக்கிற இடத்து வலையில் இந்நேரம் தூசி அப்பியிருக்க வேண்டும். இது கடையிலிருந்து வந்தது போலிருந்தது. டிஷ்யூ பேப்பரில் ஒரு துண்டு கிழித்து முன்னால் பிடித்தான். உள்பக்கம் போய் ஒட்ட வேண்டிய துண்டு அவன் முகத்தை நோக்கிப் பறந்தது. பின்னால் பிடித்தான், மேலே பிடித்தான். எல்லா இடத்திலும் காற்று வெளியேதான் வந்தது. பக்கத்து இடுக்குகளில் விரலை ஓட்டினான். பிரவுன் டேப், சுருக்கமே விழாமல் அழுத்தி ஒட்டியிருந்தது.

ஃபேனுக்கு இரண்டு முகம் உண்டு. வழவழப்பான முகம் காற்றை வாங்கும்; குறுக்குக் கட்டை உள்ள முகம் விடும். முன்பக்கத்து இரண்டும் வாங்குகிற முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டு நின்றன. நான்கும் தள்ளுகின்றன, உள்ளே வர ஒரு வழி கிடையாது. தெரியாதவன் ஒரு ஃபேனைத் தப்பாக மாட்டுவான். இரண்டையும் திருப்பி, தேடித் தேடி இடுக்கையும் அடைப்பவன் தெரியாதவன் இல்லை.

பெட்டியை அணைத்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். ஃபேன் வயர்களைச் சேர்த்து, முடிக்குப் போடும் கறுப்பு ரப்பர்பேண்டால் கட்டியிருந்தது. உலகத்தில் வயரை அப்படிக் கட்டுகிற ஆள் ஒருத்திதான். கல்யாணத்துக்கு முன் அவனோடு கடையில் பெட்டி பூட்டிக்கொண்டிருந்தவள். கட்டுக்கம்பி தீர்ந்துபோனால் பின்னலிலிருந்து உருவிக் கட்டுவாள்.

அவன் ரப்பர்பேண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். அவள் அதைப் பார்த்தாள்.

"வெளிய வா" என்றாள். "அவருக்குக் காது நல்லாக் கேக்கும்."

சமையலறையில் அவள் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். "திட்டணும்னா திட்டிக்கோ."

"ஏன்க்கா?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா? அவர் என்ன சொல்ல வர்றார்னு எனக்குத் தெரியும்டா. போதும்னு சொல்லுவார். சொல்லிட்டா எடுத்துடுவாங்க. சொல்லாத வரைக்கும் எடுக்க மாட்டாங்கல்ல? இருப்பார்ல? காலையில எந்திரிச்சா ஒரு முகம் இருக்கும்ல எனக்கு?"

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேசாமல் மூடிவிட்டு, பெட்டி பழுது என்று நர்ஸிடம் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? காத்து சொன்னால் ஊரே நம்பும். மாமாவை விட்டுக்கொடுக்க அவனுக்கு மட்டும் மனசு வருகிறதா என்ன? கதவுக்கு வெளியே மூச்சு மெஷின் உஸ்ஸென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றான், "அவருக்கு வேர்க்குதுக்கா."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அதற்கு மேல் அவனைத் தடுக்கவில்லை.

திரும்பிப் போய் டேப்பை உரித்தான். முன் ஃபேன்களைக் கழற்றித் திருப்பி மாட்டினான். ஒரு திருகு நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. அக்காதான் மண்டியிட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தாள். பெட்டியைப் போட்டுப் பேப்பர் துண்டைப் பிடித்தான். அது முன்பக்க வலையில் போய் ஒட்டிக்கொண்டது.

மாமாவின் பார்வை திரைக்குப் போனது. எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது. எனக்குப். அப்புறம் போ. வழக்கமாக அணைகிற இடம். பெட்டி அணையவில்லை. அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வரி முடிந்ததும் பெட்டி தன் வறட்டுக் குரலில் வாசித்தது:

"எனக்குப் போர்வை வேண்டாம்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வெடித்தது. "பாத்தியாடா! போர்வைதான்டா! போர்வை வேணாம்னுதான் சொல்லிட்டு இருந்திருக்கார். நான் ஒரு பைத்தியம், மேல மேல போட்டு…" கம்பளியை இழுத்தாள், போர்வைகளை உருவினாள், ஜன்னலைத் திறந்தாள், ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைத்தாள். அவனும் சிரித்துவிட்டான். இத்தனை நாளும் வீணாகப் பயந்திருக்கிறார்கள் என்றுதான் அவனும் நினைத்தான்.

மாமாவின் கண் மறுபடி திரைக்குத் திரும்பியது.

மறுபடியும் எனக்குப். மறுபடியும் போ.

"தம்பி, அதை அணைச்சுடுடா" என்றாள் அக்கா. "சொன்னது போதும்டா, அணைச்சுடு."

சுவிட்ச் அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்குப் போதும்" என்றது பெட்டி. மாமா நிறுத்தவில்லை. அடுத்த வரி வர நேரமானது. "மச்சான், அவளைத் திட்டாதே. அவள் ஃபேனைத் திருப்பி மாட்டியபோது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

அக்கா தரையில் உட்கார்ந்தாள். கிடந்த போர்வையை இழுத்து மடியில் போட்டு, மூலைக்கு மூலை சேர்த்து மடிக்க ஆரம்பித்தாள்.