நீருக்கும் நெரோவுக்கும் நடுவே ஒரு கோடு

"கொத்தனாரே, இந்தக் கோட்டை யார் போடச் சொன்னது?"

"சார்தான் அண்ணி. இங்கேருந்து அங்க ஒரே இழுப்பா இழுத்துடுங்கன்னார். இப்பத்தான் ஒட்டி முடிச்சேன்."

தலைமைப் பொறியாளருக்கு அண்ணி என்பதால் அந்தக் குடிநீர் நிலையத்தில் எல்லாருக்குமே அவள் அண்ணி. நிலையத்தின் முன்கூடத்துச் சுவர் முழுக்க, உலக மொழிகளில் தண்ணீருக்கு உள்ள சொற்களை டைலில் பதிக்கிறார்கள். சொற்களைப் பொறுக்கிக் கொடுத்தவள் அவள். உறவுள்ள சொற்களுக்கு நடுவே நீலக்கோடு. அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் புள்ளிக்கோடு. களிமண் பலகையில் கிடைத்த, வழக்கொழிந்த ஹிட்டைட்டு மொழியின் 'வாதர்' ஆங்கில 'வாட்டர்' வரை வருகிறது. தமிழ் 'நீர்' எங்கோ தொலைவில் பாகிஸ்தானில் பேசும் பிராகூயி மொழியின் 'தீர்' வரை போகிறது.

வலது மூலையில் ஒரு டைலில் அவள் பெயர். ஆயுசு முழுக்க அவள் எழுதிய மொழி ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்தவர்கள் இரண்டே பேர், அவளும் அச்சுப்பிழை பார்த்தவரும். நாலு பேர் பார்க்கும் இடத்தில் அவள் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. நாளைக்குத் திறப்பு விழா. வீட்டுக்காரர் சொந்தபந்தம் ஒருவர் விடாமல் போன் போட்டு அழைத்துவிட்டார்.

இப்போது தமிழ் 'நீர்' என்ற டைலிலிருந்து கிரேக்க 'நெரோ' வரை தடியாக ஒரு நீலக்கோடு.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே கேக்குது அண்ணி?" என்றார் கொத்தனார்.

"கேக்கும். உங்க பேரே இருக்கறவன் ஒருத்தன் வந்து நின்னா, சொத்துல பங்கு குடுப்பீங்களா?"

"கேக்கறதுக்கு ஆள் இருக்கு. சொத்துதான் இல்ல."

பொறியாளர் கைப்பேசியில் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நாளைய பேச்சு.

"பார்த்தீங்களா அண்ணி? எப்படி!"

"அதை எடுத்துடுங்க தம்பி."

"ஏன்? நீர், நெரோ. பச்சைப்புள்ளகூடச் சொல்லும்."

"பச்சைப்புள்ள சொல்லலாம். நான் சொல்லக்கூடாது. பழைய கிரேக்கத்துல தண்ணிக்கு வேற சொல்லு, ஹூதோர். அப்பத்தான் புடிச்சிட்டு வந்த தண்ணியைப் புதுத்தண்ணின்னாங்க. போகப்போகத் தண்ணிங்கற சொல்லு உதிர்ந்துபோய்ப் புதுசு மட்டும் நின்னுடுச்சு. அந்தப் 'புதுசு'தான் நெரோ. நம்ம நீருக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"அதெப்படி, புதுசுங்கற சொல்லு தண்ணியா ஆகும்?"

"நாம என்ன ஒழுங்கு? தண்ணீர்னா தண் நீர், குளிர்ந்த நீர். குளிர்ச்சியை மறந்துட்டுத்தானே சுடுதண்ணி கேக்கறோம்?"

"அப்ப சுடுதண்ணின்னா, சுடுற குளிர்ந்த தண்ணியா?" கொத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சரி, புள்ளிக்கோடா ஆக்கிடலாம்" என்றார் பொறியாளர்.

"புள்ளி சந்தேகத்துக்கு. இதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

"பேச்சே இதை வச்சுத்தான் அண்ணி! 'கிரேக்கத்துக்கே தண்ணி காட்டிய தமிழ்'னு ஆரம்பிக்கிறேன்."

"தண்ணி காட்டறதுன்னா ஏமாத்தறது தம்பி."

பொறியாளர் முகம் சுருங்கியது. "யாரு வந்து கேக்கப்போறா? கோடு இருக்கட்டும்."

"உங்க சுவரு. இருக்கட்டும். கொத்தனாரே, அந்த மூலையில என் பேரு இன்னும் காயலையே? பேத்து எடுத்துடுங்க."

கொத்தனாரின் கரண்டி நின்றது.

"அண்ணி, அண்ணன் ஊரையே கூட்டி வச்சிருக்காரு!"

"கூட்டினவர் பதில் சொல்லிக்கட்டும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "தப்புக்குக் கீழ என் பேரு வேண்டாம்."

கொத்தனார் பொறியாளரைப் பார்த்தார். அவர் கைப்பேசியைப் பார்த்தார். டைல் ஈரச் சாந்தோடு முழுசாகப் பெயர்ந்து வந்தது.

"காலி இடத்துல என்ன சார் வைக்கறது?"

"சார் பேரை வைங்க" என்றாள் அண்ணி. "கோடு அவரோடதுதானே."

"என் பேரா? நாளைக்கு எவனாவது படிச்சவன் வந்து தப்புன்னு சொன்னா, என்னையில்ல புடிச்சு உலுக்குவான்?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கொத்தனார் சாந்துச் சட்டியைக் கிளறுவது போலக் குனிந்துகொண்டார்.

"கோட்டை எடுங்க" என்றார் பொறியாளர். பிறகு கைப்பேசியை நீட்டினார். "பேச்சுல இப்ப மண்டையே இல்ல அண்ணி. எங்கேருந்து ஆரம்பிக்கறது?"

"மலையாளத்துலேருந்து ஆரம்பிங்க. நாம வெள்ளம்னா வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடுவோம். அவங்க வெள்ளம்னா குடிப்பாங்க. ரெண்டும் ஒரே சொல்லு."

"அதுக்குக் கோடு போடலாமா?"

"தாராளமா."

கொத்தனார் பெயர் டைலின் பின்புறத்தைச் சுரண்டிப் புதுச் சாந்து தடவினார். "முன்ன வச்சப்ப ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சிருந்துச்சு அண்ணி. சொல்லாம விட்டுட்டேன். இப்ப எப்படி வைக்க?"

"நேரா வைங்க" என்றாள். "நாத்தனார் வர்றா."